ஆஃப்செட்: ஒரு கட்டளையின் முன்கதை

கணினியில் வரைபடம் வரைந்து பிழைப்பவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், தேநீர் ஆறுவதற்குள் பேச்சு கட்டளைகளுக்கு வந்துவிடும். ‘உங்களுக்குப் பிடித்த கட்டளை எது?’ என்று கேட்பது, இலக்கியக்காரர்கள் ‘உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?’ என்று கேட்பதற்குச் சமம். பதிலை வைத்து ஆளை ஒருவாறு கணித்துவிடலாம். ‘ட்ரிம்’ என்பவர் அவசரக்காரர். கோடுகளைத் தாராளமாக இழுத்துவிட்டு மிச்சத்தைப் பிறகு நறுக்குபவர். ‘மிரர்’ என்பவர் பாதி மண்டபத்தை வரைந்து மறுபாதியைக் கண்ணாடி பிம்பமாக எடுத்துக்கொள்பவர். ‘லேயர்’ என்பவர் ஒழுங்கின் உபாசகர். சுவருக்கு ஒரு தளம், கதவுக்கு ஒரு தளம், மின்கம்பிக்கு ஒரு தளம் என்று பிரித்து வைத்தால்தான் அவருக்கு உறக்கம் வரும். நான் இத்தனை ஆண்டுகளாக ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறேன்: ‘ஆஃப்செட்’.

இந்தத் தொழிலை அறியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். திரையில் ஒரு கோடு இருக்கிறது. ஆஃப்செட் கட்டளையைக் கொடுத்தால் மென்பொருள் முதலில் தூரத்தைக் கேட்கும். 230 மில்லிமீட்டர் என்று சொல்கிறோம்; ஒன்பது அங்குலச் சுவரின் கனம் அது. பிறகு எந்தக் கோடு என்று கேட்கும். தொட்டுக் காட்டுகிறோம். கடைசியாக, எந்தப் பக்கம் என்று கேட்கும். ஒரு பக்கத்தைக் காட்டியதும் முதல் கோட்டுக்கு இணையாக இரண்டாவது கோடு எழுந்துவிடும். வெறும் கோடாக இருந்தது சுவராகிவிடும். சாலைக்கு ஓரம், ஓரத்துக்கு வாய்க்கால், வாய்க்காலுக்கு வேலி என்று ஒரே கோட்டிலிருந்து ஓர் ஊரையே பெருக்கிக்கொண்டு போகலாம்.

இது கணினிக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று தெரிந்தது கொல்லிமலையில், திருப்புலி நாட்டில், ஒரு பலா மரத்தின் கீழே.

*

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து அம்மாவட்டம் 1997இல் பிரிந்தது. மலையின் மேலே ஊர்கள் ‘நாடு’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு, திருப்புலி நாடு என்று நீளும் வரிசை அது. சோழர் கல்வெட்டுகளில் படித்து, இறந்துபோன சொல் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் ‘நாடு’ என்னும் பிரிவு, இங்கே பேருந்தின் பெயர்ப்பலகையிலும் ஊராட்சி அலுவலகத்தின் சுவரிலும் உயிரோடிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நில அளவை செய்யும் நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். மிளகுக்கொடி ஏறிய மரங்களும் கொஞ்சம் காபியும் பலாவும் உள்ள ஒரு சரிவு நிலம். உரிமையாளரான முதியவருக்கு இரண்டு மகன்கள். தான் இருக்கும்போதே பாகம் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். நண்பர் அளப்பார்; நான் மடிக்கணினியில் வரைவேன்; பின்னர் முறைப்படி உட்பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது ஏற்பாடு.

நண்பரிடம் இருந்தது ‘டோட்டல் ஸ்டேஷன்’ என்னும் கருவி. முக்காலியின் மேல் அமர்ந்து, எதிரே பிடித்திருக்கும் கண்ணாடிப் பட்டகத்துக்கு ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு தூரத்தைச் சொல்லும். அதன் சிறிய திரையில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று சரிவுத் தூரம். மற்றது கிடைத் தூரம். பெரியவர் கண்ணைச் சுருக்கி அதைப் பார்த்தார். ஓரிடத்தில் ஒன்று அறுபது மீட்டர் என்றது. மற்றது ஐம்பத்திரண்டு என்றது.

“இந்த ரெண்டுல எங்க நெலம் எதுங்க?” என்று கேட்டார்.

நண்பர் சிரித்துக்கொண்டே, “படத்துக்குப் போறது சின்ன நம்பர்தானுங்க” என்றார்.

பெரியவர் சிரிக்கவில்லை. “நான் ஏறி எறங்கறது பெரிய நம்பருல்லங்க?” என்றார்.

அந்தக் கேள்வியை நான் மலையிலிருந்து கீழே கொண்டுவந்தேன். இக்கட்டுரை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

*

ஆஃப்செட் என்ற சொல் மென்பொருளுக்கு வருவதற்கு முன் சங்கிலிக்காரர்களின் கையில் இருந்தது. 1620இல் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் ஓர் அளவைச் சங்கிலியை வகுத்தார். நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணி 7.92 அங்குலம். பார்ப்பதற்குக் குழப்பமான எண்கள். ஆனால் பத்து சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர் என்பதால் பரப்பைக் கணக்கிடுவது எளிது. நம் கிராமங்களில் பழைய அளவைப் பற்றிப் பேசும் முதியவர்கள் ‘இத்தனை லிங்க்ஸ்’ என்று சொல்வது இந்தக் கண்ணிகளைத்தான்.

சங்கிலி நேராகத்தான் போகும். நிலத்தின் எல்லை நேராகப் போகாது. ஓடை வளையும், வரப்பு நெளியும். ஆகவே அளப்பவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். புலத்தின் குறுக்கே ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சங்கிலியைப் போட்டார்கள். அந்தக் கோட்டின் மேல் நடந்துகொண்டே போய், ஒவ்வோர் எல்லைக்கல்லுக்கும் நேராக வரும் இடத்தில் நின்றார்கள். அங்கிருந்து செங்கோணமாக விலகி அந்தக் கல் வரைக்கும் அளந்தார்கள். செங்கோணம் பார்ப்பதற்கு ஒரு குறுக்குக் கோல். விலகலை அளக்கப் பத்துக் கண்ணி நீளமுள்ள ஒரு கழி. இந்த விலகலுக்குப் பெயர்தான் ஆஃப்செட். ஒரு கல்லைக் குறிக்க இரண்டு எண்கள் போதும்: கோட்டில் எவ்வளவு தூரம் வந்தோம், கோட்டை விட்டு எவ்வளவு விலகினோம். இவற்றோடு சொல்லில் ஒரு குறிப்பும் வேண்டும்: இடமா, வலமா?

திரையில் என்னிடம் மென்பொருள் கேட்கும் ‘எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி, வெயிலில் சங்கிலி பிடித்தவனிடம் குறிப்பெழுதுபவர் கேட்ட கேள்விதான். இரண்டு ஆஃப்செட்டும் முற்றிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சங்கிலிக்காரரின் ஆஃப்செட் ஒரு புள்ளியைத் தேடிப் போகும் செங்குத்துத் தூரம். என்னுடையது அந்தத் தூரத்தில் எழும் இணைகோடு. ஆனால் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. தெரிந்த கோட்டிலிருந்து, ஒரு தூரத்தையும் ஒரு பக்கத்தையும் கொண்டு, தெரியாததைப் பெறுவது.

இந்த முறை தமிழ் நிலத்தில் வேரூன்றிய வரலாறு நீண்டது. 1794இல் சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி, மைக்கேல் டாப்பிங் என்பவரின் யோசனையால் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் எட்டு மாணவர்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரியானது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் பிறந்தது. நூறடி எஃகுச் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, வெயிலில் எஃகு நீளுவதைக் கணக்கில் கொண்டு, தரையின் சரிவைக் கழித்து அவர் அளந்தார். சரிவைக் கழித்து என்பதைக் கவனிக்க வேண்டும். நிலப்படம் என்பது மேலே பறக்கும் பருந்தின் பார்வை. பருந்துக்கு மேடும் பள்ளமும் தட்டையாகத்தான் தெரியும்.

1858இல் சென்னை மாகாணத்தில் வருவாய்த்துறை நில அளவை முறையாகத் தொடங்கியது. வயல் வயலாக மூலைவிட்டக் கோடும் ஆஃப்செட்டும் போட்டு அளக்கும் முறை இம்மாகாணத்தில் நிலைபெற்றது. அதன் விளைவுதான் நாம் ‘எஃப்.எம்.பி.’ என்றும் ‘புலப்படம்’ என்றும் சொல்லும் தாள். பட்டாவோடு புலப்படமும் வைத்திருப்பவர்கள் ஒருமுறை அதை எடுத்துப் பாருங்கள். எல்லைக்கோடுகளுக்கு உள்ளே, குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் இருக்கும். அவற்றின் ஓரமாகச் சிறிய எண்கள் இருக்கும். அந்த எண்களில் பாதிக்கு மேல் ஆஃப்செட்டுகள். உங்கள் நிலத்தின் வடிவம் ஒருவருடைய நடையிலிருந்தும் விலகலிலிருந்தும் எழுந்தது.

*

அளப்பது நமக்கு வெள்ளையர் கற்றுக்கொடுத்தது என்று எண்ணிவிட வேண்டாம். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் அரண்மனைக்குத் திட்டம் வகுக்கும் இடம் வருகிறது. இரண்டு கோல்களை நட்டு, நிழல் எப்பக்கமும் சாயாத உச்சிவேளையில் திசையைக் குறித்துக்கொண்டு, நூல் கற்றவர்கள் நுட்பமாகக் கயிறு பிடித்து மனை வகுக்கிறார்கள். ‘லைன்’ என்ற கட்டளையின் மூத்த வடிவம் அந்தக் கயிறு. இன்றும் கொத்தனார் முதலில் நூல் கட்டிவிட்டுத்தான் கல்லை வைக்கிறார். கட்டுவதற்கான நூலுக்கும் கற்பதற்கான நூலுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது.

கொல்லிக்கே உரிய நேர்கோடு ஒன்றும் சங்க இலக்கியத்தில் இருக்கிறது. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துச் சென்று, புற்றிலிருந்த உடும்பில் தைத்து நின்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். அந்தப் பாடலை நான் வகுப்பில் படித்தபோது வீரம் தெரிந்தது. தொழிலுக்கு வந்தபின் படித்தபோது ஐந்து புள்ளிகள் ஒரே கோட்டில் அமைந்த அதிசயம் தெரிந்தது.

இதற்கெல்லாம் சிகரம் இராசராசன் காலத்து நில அளவை. கி.பி. 1001ஐ ஒட்டி அவன் தன் நாட்டு நிலங்களை அளக்கச் செய்தான். 1086இல் முதற் குலோத்துங்கன் மீண்டும் அளக்கச் செய்தான். அதே 1086இல் இங்கிலாந்தில் ‘டூம்ஸ்டே’ என்று பெயர்பெற்ற நிலக் கணக்கு எடுக்கப்பட்டது என்பதை வரலாற்று ஆசிரியர்கள் வியந்து சுட்டுவதுண்டு. சோழர்கள் பயன்படுத்திய பதினாறு சாண் கோலுக்கு ‘உலகளந்த கோல்’ என்று பெயர். மூன்றடியால் உலகை அளந்த திருமாலின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. கோயில்களின் அடித்தளத்திலும் சுவரிலும் இத்தகைய அளவுகோல்கள் இரண்டு குறிகளுக்கு இடையே பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். கோல் முறிந்தாலும் திருட்டுத்தனமாகக் குறுக்கப்பட்டாலும் ஊரார் கோயிலுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். அளவு பொதுச்சொத்தாக இருந்தது.

அக்காலத்து வரிக் கணக்கில் ஒரு விந்தை உண்டு. வேலியைப் பின்னமாக்கி, அப்பின்னத்தை மீண்டும் பின்னமாக்கிக்கொண்டே போனார்கள். முந்திரி என்பது 320இல் ஒன்று. கீழ் முந்திரி அந்த முந்திரியில் 320இல் ஒன்று. இப்படி இறங்கி, ஒரு வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை நிலத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று நீலகண்ட சாஸ்திரியார் எழுதியிருக்கிறார்.

இந்த எண்ணைப் படித்துப் பெருமைப்பட்டவர்கள் பலர். நானும் பெருமைப்பட்டேன். பிறகு தொழில் புத்தி குறுக்கிட்டது. வேலியின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஏறக்குறைய ஆறரை ஏக்கர் என்று கொள்வோம். அதை இந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர். எறும்பு படுக்கும் இடம். பதினாறு சாண் கோலைக் கொண்டு அதை எவரும் அளந்திருக்க முடியாது. கணக்கன் ஓலையில் வகுத்ததனால் வந்த நுட்பம் அது. கோல் பிடித்தவன் மண்ணில் கண்ட நுட்பத்துக்கு அதோடு தொடர்பில்லை. கணக்கு தன் போக்கில் நுணுகிக்கொண்டே போகும். அளவை ஓரிடத்தில் நின்றுவிடும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சோழர் ஓலையிலும் பார்க்கிறேன், என் திரையிலும் பார்க்கிறேன்.

*

திரையின் கதை 1963இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் தம் முனைவர் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை எழுதினார். ஓர் ஒளிப்பேனாவால் திரையில் தோராயமாகக் கோடுகளை இழுக்கலாம், பின்பு ‘இவை இணையாக இருக்கட்டும்’, ‘இவை செங்குத்தாக இருக்கட்டும்’ என்று பணிக்கலாம், கணினி திருத்திக்கொள்ளும். வரைபவனின் கையிலிருந்த திறன் கட்டளைக்கு இடம் மாறிய கணம் அது.

அப்போது அதற்கு ஓர் அறையை நிறைக்கும் கணினி தேவைப்பட்டது. 1982இல் ஜான் வாக்கரும் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மைக் ரிடில் எழுதியிருந்த நிரலை அடிப்படையாகக் கொண்டு ஆட்டோகேடை அந்த ஆண்டின் இறுதியில் வெளியிட்டார்கள். மேசைமேல் வைக்கும் சிறு கணினியிலேயே அது ஓடியது. இன்று எங்கள் விரல்களுக்குப் பழகிய கட்டளைகள் எல்லாம் முதல் நாளிலேயே வந்துவிடவில்லை. அவற்றில் பல 1980களில் அடுத்தடுத்து வந்த பதிப்புகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சேர்த்தவர்கள் புதிதாகப் பெயர்களை உண்டாக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘ஹேட்ச்’ செப்புத்தகட்டில் செதுக்குபவர்களின் கோடு. ‘ஸ்ப்ளைன்’ கப்பல் தச்சர்கள் ஈயக் கட்டிகளால் அழுத்தி வளைத்துக்கொண்ட மெல்லிய மரச்சட்டம். ‘லேயர்’ ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த ஊடுதாள். ‘மிரர்’ அந்த ஊடுதாளைப் புரட்டிப் போட்டு மறுபாதியை எடுத்த தந்திரம். ‘ட்ரிம்’ செய்வதற்கு முன்னோர் சவர பிளேடை வைத்திருந்தார்கள். மை காய்ந்த பிறகு தாள் கிழியாமல் கோட்டின் வாலைச் சுரண்டி எடுப்பதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். ‘ஆஃப்செட்’ சங்கிலிக்காரருடையது.

கட்டளைப் பட்டியல் என்று நாங்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது உண்மையில் மறைந்துபோன கைத்தொழில்களின் பெயர்ப் பட்டியல். கைகள் போயின, வினைச்சொற்கள் தங்கின. பழைய சொல்லகராதியைப் புரட்டும்போது இலக்கிய வாசகர்களுக்கு உண்டாகும் உணர்வு அந்தக் கட்டளைகளைத் தட்டும்போது எனக்கும் சில சமயம் உண்டாகிறது.

ஆனால் ஒன்று கூடவே வந்திருக்கிறது, ஒன்று விடுபட்டிருக்கிறது. கூடவே வந்தது நுட்பம். ஆட்டோகேட் ஓர் எண்ணைப் பதினைந்து, பதினாறு இலக்கம் வரை நினைவில் வைத்துக்கொள்ளும்; இராசராசனின் கணக்கனே மலைத்துப்போவான். விடுபட்டது நடை. சங்கிலிக்காரரின் ஆஃப்செட்டில் ஒரு மனிதன் கோட்டைவிட்டு விலகி, முள்ளிலும் சேற்றிலும் நடந்து, எல்லைக்கல்லைத் தொட்டாக வேண்டும். அங்கே நிலத்துக்காரர் நிற்பார். பக்கத்து நிலத்துக்காரரும் நிற்பார். ‘கல்லு இங்க இல்லீங்க, மழையில சாஞ்சிருச்சு’ என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, அந்த வாக்குவாதத்தின் முடிவில்தான் எண் எழுதப்படும். என் ஆஃப்செட்டில் யாரும் நிற்பதில்லை.

*

கரவல்லியிலிருந்து சோளக்காடு வரை கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வரைபவர்களுக்கு அந்தச் சாலை ஒரு பாடநூல். இரண்டு நேர்கோடுகள் சந்திக்கும் மூலையை ஒரு வட்டவில்லால் மழுக்குவதற்கு ‘ஃபில்லெட்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஆரத்தைச் சொல்லி, இரண்டு கோடுகளையும் தொட்டால் போதும். ஓரியின் அம்பைப்போல் நேராக ஏற முடியாத மலையில், சாலை இப்படி மூலைக்கு மூலை மழுங்கித்தான் ஏற முடியும். மலைச்சாலைகளுக்கான இந்திய நெறிமுறை, கொண்டை ஊசி வளைவின் உள்வட்ட ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்தடுத்த இரு வளைவுகளுக்கு நடுவே 60 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது. திரையில் 14 என்று தட்டுவதற்கு ஒரு நொடி. பாறையில் அந்த 14ஐ வெட்டி எடுத்தவர்களின் கணக்கு எந்தக் கோப்பிலும் இல்லை. பேருந்து ஒவ்வொரு வளைவிலும் முனகித் திரும்பும்போது, ஆரம் என்பது உடம்பால் உணரக்கூடிய ஒன்று என்று தெரிகிறது.

அதே மலையில்தான் பெரியவரின் கேள்வி இருக்கிறது: இரண்டில் எது எங்கள் நிலம்?

கணக்கு எளிது. முப்பது பாகைச் சரிவில் 60 மீட்டர் நடந்தால், படத்தில் அது 52 மீட்டர்தான். பரப்புக்கும் அதே விகிதம். படத்தில் ஓர் ஏக்கர் என்று காட்டப்படும் நிலம், அத்தகைய சரிவில் மண்ணின் மேல் ஏறக்குறைய 1.15 ஏக்கர். களையெடுப்பதும் மண் அணைப்பதும் பெரிய எண்ணில்; பட்டாவும் விலையும் பாகமும் சின்ன எண்ணில். சமவெளிக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. மலைக்காரரின் நிலம் காகிதத்துக்கு வரும்போது சுருங்குகிறது.

இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. எல்லாப் படங்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் எல்லோரும் பருந்தின் பார்வையில்தான் அளந்தாக வேண்டும். லாம்டன் சரிவைக் கழித்ததும் அதனால்தான். ஆனால் பருந்தின் பார்வை வருவதற்கு முன் வேறு அளவுகளும் இருந்தன. திருநெல்வேலிப் பக்கம் ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்று நிலத்தைச் சொல்வார்கள். எவ்வளவு விதை பிடிக்குமோ அவ்வளவு நிலம். அந்த அளவு துல்லியமற்றது. வரி வசூலிப்பவருக்கு உதவாதது. ஆனால் அது மண்ணைத் தொட்டு எடுத்த அளவு.

நம் புலப்படங்களும் இப்போது கணினிக்குள் போய்விட்டன. தேசியத் தகவல் மையம் உருவாக்கிய ‘கொலாப்லேண்ட்’ என்ற மென்பொருளில் பழைய தாள்களிலிருந்த அளவுகளை உள்ளிட்டு, பல கிராமங்களின் படங்களை மீண்டும் வரைந்திருக்கிறார்கள். அலுவலகத்துக்கு அலையாமல் இணையத்திலிருந்து படத்தை இறக்கிக்கொள்ள முடிவது பெரிய நன்மை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் திரையில் கூர்மையாகத் தெரியும் அந்தக் கோடு, என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் கண்ணிக் கணக்கில் அளந்து எழுதிய எண்ணைவிடக் கூர்மையானதாக ஆகிவிடாது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கோடு தடிக்காது என்பதால், அது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது என்ற மயக்கம் நமக்கு வந்துவிடுகிறது. பழைய தாளில் மை கசிந்திருக்கும்; அந்தக் கசிவு ஒரு பணிவு.

எங்கள் கட்டளைகளிலேயே மனிதத்தன்மை மிகுந்தது ‘அண்டூ’. செய்ததை இல்லாமல் ஆக்கும் கட்டளை. ஒரு விசையைத் தட்டினால் போதும். 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் அவ்வளவு இளகியது அன்று. முறைப்படி அளந்து அறிவிக்கப்பட்ட எல்லை சரியானதென்றே அது கொள்ளும். மறுப்பவர் மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் வழக்குத் தொடுக்க வேண்டும். மலைமேல் வாழ்பவருக்கு அண்டூ என்பது, எழுபது வளைவுகள் இறங்கி, சமவெளி நீதிமன்றத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருப்பது.

*

அன்று அளவை முடிந்து, நான் பாறையொன்றின் மேல் மடிக்கணினியை வைத்து நிலத்தை வரைந்தேன். பரப்பைச் சரிபாதியாக்கும் கோடு மேலிருந்து கீழாக விழுந்தது. நடுவில் இரண்டு பாகத்துக்கும் பொதுவாக ஒரு நடைபாதை வேண்டும் என்றார்கள். கோட்டைத் தொட்டு இருபுறமும் 0.6 மீட்டர் ஆஃப்செட் கொடுத்தேன். பாதை எழுந்தது. படம் அழகாக இருந்தது. மகன்கள் இருவரும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

பெரியவர் மட்டும் திரையைப் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்த நிழலைத் தந்த பலா அது. “இந்த மரம் இதுல எங்கீங்க வருது?” என்றார்.

மரம் படத்தில் இல்லை. நண்பர் எல்லைப் புள்ளிகளை மட்டுமே எடுத்திருந்தார். மறுபடி முக்காலியைப் போட்டு மரத்தை அளந்தார். புள்ளியைப் படத்தில் வைத்துப் பார்த்தபோது அது பாதையின் ஓரத்தை ஒட்டி, மூத்தவர் பக்கமாக ஒரு சாண் தள்ளி விழுந்தது. அந்த மரத்தின் காய் யாருக்கு என்ற கேள்வி என் கோட்டால் முடிவாகியிருந்தது; எவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. இளையவர் முகத்தில் ஏதோ மாறியதைப் பார்த்தேன். அந்த மரத்தின் காய் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

பெரியவர் எழுந்து மரத்தடிக்குப் போனார். அடிமரத்தின் இருபுறமும் காலால் தரையைத் தேய்த்து இரண்டு கோடுகள் போட்டார். “பாதை மரத்தைச் சுத்திப் போவட்டும். மரம் பாதையில இருக்கட்டும். பாதை ரெண்டு பேருக்கும் பொதுதானுங்களே?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அப்படிக் கோடு போட வருமுங்களா தம்பி, உங்க மிசின்ல?” என்று கேட்டார்.

வரும் என்றேன். பாதையின் இரு ஓரங்களையும் வெட்டி, மரத்தைச் சுற்றி இருபுறமும் வில்லாக வளைத்து மீண்டும் இணைத்தேன். அதனால் மாறிய பரப்பைச் சரிசெய்ய நடுக்கோட்டைச் சற்று நகர்த்தினேன். கால் மணி நேர வேலை. படத்தின் நடுவே நேராக ஓடிக்கொண்டிருந்த பாதை, ஓரிடத்தில் மட்டும் விரல் கணுவைப்போல் புடைத்துக்கொண்டது. அலுவலகத்தில் யாரேனும் அதைப் பார்த்தால் வரைந்தவனுக்குக் கை நடுங்கியது என்று எண்ணக்கூடும்.

அதற்குப் பிறகும் எனக்குப் பிடித்த கட்டளை ஆஃப்செட்தான். தூரத்தைக் கேட்கும், கோட்டைக் கேட்கும், கடைசியில், எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். முன்பெல்லாம் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது விரல் சற்றுத் தயங்குகிறது.